எச்சில் பரிசோதனை இனத்தைச் சொல்லாது

தம்பி, "டிஎன்ஏ பார்த்தால் யார் எந்த இனம் என்று தெரிந்துவிடும், இனம் ரத்தத்திலேயே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. நிறையப் பேர் பகிர்வதால் சொல்கிறேன்.

எச்சிலை வைத்துச் செய்யும் அந்த டிஎன்ஏ பரிசோதனை, உங்கள் மரபணுவைத் தன்னிடம் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டு யாரோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று கணிக்கிறது, அவ்வளவே. மாதிரிகள் மாறினால் சதவீதமும் மாறும். மனித மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று 1972-லேயே மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் கணக்கிட்டுக் காட்டினார்.

நம் புதுச்சேரியையே பாருங்கள். 1881-இல் வந்த பிரெஞ்சு ஆணைப்படி, சாதி வழக்கச் சட்டத்தைத் துறப்பதாகக் கையெழுத்துப் போட்டவர்கள் புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போனார்கள். 'ரெனோன்சான்' (துறந்தவர்) என்று தனிச் சமூகமாகவே அறியப்பட்டார்கள். கையெழுத்துப் போட்டதால் யாருடைய மரபணுவும் மாறவில்லையே!

அதற்காக, உங்கள் பதிவின் கீழே இன்னொருவர் சொல்வதுபோல் இனத்துக்கும் மரபணுவுக்கும் சம்பந்தமே இல்லை என்பதும் சரியல்ல. இந்தியாவில் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை மக்கள் பரவலாகக் கலந்தார்கள். பிறகு சாதிக்குள்ளேயே மணம் என்று இறுகியதன் தடம் இன்றும் மரபணுவில் தெரிகிறது. சில கூட்டங்களில் சில பரம்பரை நோய்கள் அதிகம் இருப்பதும் அதனால்தான். ஆனால் வேலியை மனிதர்கள் போட்டார்கள், தடம் பிறகு வந்தது. உங்கள் பதிவு இதைத் தலைகீழாகச் சொல்கிறது. அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.