ஜோர்டனைப் பள்ளி அணி துரத்தியதா?

கோவையில் கூடைப்பந்துப் போட்டி வந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு பதிவும் கூடவே வந்துவிடும்: "திறமையில்லை என்று பள்ளி அணி துரத்திய மைக்கேல் ஜோர்டன், பின்னாளில் ஒரு என்.பி.ஏ. அணியையே வாங்கி அதையும் சாம்பியன் ஆக்கினார்." ஈரோடு, திருப்பூர் குழுக்களிலும் இதே கதைதானுங்க. (என்.பி.ஏ. என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்.)

இரண்டு பாதியுமே தவறு. 1978இல் வட கரோலினாவின் லேனி பள்ளியில் ஜோர்டன் பத்தாம் வகுப்பு. உயரம் ஆறடிகூட இல்லை. பெரிய அணிக்கு உயரமான ஆள் தேவைப்பட்டதால் அந்த இடம் அவருடைய வகுப்புத் தோழனுக்குப் போனது. இவரை ஜூனியர் அணியில் ஆடவிட்டார்கள். அங்கே புள்ளிகளைக் குவித்தார், மறு வருடம் பெரிய அணிக்கு வந்துவிட்டார். யாரும் துரத்தவில்லை.

சிகாகோ புல்ஸ் என்ற என்.பி.ஏ. அணியில் அவர் வென்ற ஆறு பட்டங்களும் ஆட்டக்காரராக வென்றவை. நிர்வாகம் வேறு கதை. 2000இல் வாஷிங்டன் விசார்ட்ஸ் அணி நிர்வாகத்துக்கு வந்தார். 2001 டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் தேர்வாக குவாமே பிரவுனை எடுத்தது இன்றுவரை கேலிப்பொருள். 2003இல் அந்த அணி அவரை விலக்கியது (துரத்தல் என்றால் இதைச் சொல்லலாம்!). 2010இல் சார்லட் அணியின் பெரும்பான்மைப் பங்கை வாங்கினார். 2011-12 சீசனில் அது 7 வெற்றி, 59 தோல்வி. வெற்றி விகிதத்தில் என்.பி.ஏ. வரலாற்றிலேயே மோசம். அவர் கையில் இருந்தவரை பிளேஆஃபில் ஒரு சுற்றைக்கூடத் தாண்டவில்லை.

காசு விஷயத்தில் மட்டும் ஆள் கெட்டி. வாங்கியபோது சுமார் 27.5 கோடி டாலராக இருந்த அணியின் மதிப்பு, 2023இல் பெரும்பங்கை விற்றபோது சுமார் 300 கோடி டாலர்.