பெயர் எழுதிக் கொடுத்த படம்

நீல் ஆர்ம்ஸ்ட்ராங் கையெழுத்துப் போட்ட படம் ஒன்று ஏலத்துக்கு வந்தால், வாங்க வருபவர்கள் முதலில் தேடுவது அதில் வேறு யாருடைய பெயராவது இருக்கிறதா என்பதைத்தான். வெள்ளை விண்வெளி உடையில் அவர் இருக்க நாசா எடுத்த அந்தப் படத்தில் வெறும் கையெழுத்து மட்டும் இருந்தால் விலை ஏறும். "இன்னாருக்கு, வாழ்த்துகளுடன்" என்று ஒரு வரி கூட இருந்தால் இறங்கிவிடும். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது.

அந்த வரி எப்படி வந்திருக்கும்? ஏதோ ஒரு ஊரில் ஒரு பையன் உட்கார்ந்து கடிதம் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பியிருப்பான். நிலவுக்குப் போய்வந்த மனிதர் அந்தப் பெயரைப் படித்து, எழுத்துப் பிழை வராமல் பார்த்து எழுதியிருக்கிறார். அந்த அரை நிமிடம் முழுக்க அந்தப் பையனுக்கானது. அதற்குப் போய் விலையைக் குறைக்கிறோம்!

பெயர் எழுதிய படத்தை நான் விரும்ப இன்னொரு காரணமும் உண்டு. 1960களில் ரசிகர் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தபோது, ஆட்டோபென் என்ற இயந்திரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். அது நிஜப் பேனாவைப் பிடித்து எழுதும் என்பதால் மையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நான் முதன்முதலாக வாங்கிய படம் அப்படிப்பட்டதுதான். பழைய கோடாக் தாள், ஓரத்தில் சிவப்பு எண், எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒரு நாள் வேறொரு படத்தில் அதே கையெழுத்தைப் பார்த்தேன். வளைவுக்கு வளைவு, சுழிக்குச் சுழி ஒன்றுபோல இருந்தது. எந்த மனிதரும் இரண்டு முறை அச்சடித்த மாதிரி கையெழுத்துப் போடுவதில்லை. அன்றைக்கு மனசு விட்டுப்போனது. பணத்தை விட, யாரும் தொடாத ஒன்றை இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தோமே என்பதுதான் வலித்தது.

ஒரே கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் போடுவது இயந்திரத்துக்கு எளிது; ஒவ்வொருவர் பெயரையும் எழுதுவது அப்படியல்ல. போலிக் கையெழுத்துப் போடுபவனுக்கும் இதே கதைதான். நீளமாக எழுத எழுத அவன் மாட்டிக்கொள்வான். அதனால் பெயர் எழுதிய படத்தில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

1994 வாக்கில் ஆர்ம்ஸ்ட்ராங் கையெழுத்துப் போடுவதையே நிறுத்திவிட்டார். இலவசமாகக் கொடுத்தவை சந்தையில் விற்கப்படுவதையும், தன் பெயரில் போலிகள் பெருகுவதையும் பார்த்து எடுத்த முடிவு. அதற்காக அவரைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. கொடுத்த கையை வெறுக்க வைத்தது நம்மைப் போன்ற சேகரிப்பாளர்கள்தான்.

பெயர் இல்லாமலே மனதைத் தொடுபவையும் இருக்கின்றன. 1969இல் அப்பல்லோ 11 நிலவுக்குக் கிளம்பும் முன், ஆர்ம்ஸ்ட்ராங்கும் உடன் போன இருவரும் நூற்றுக்கணக்கான அஞ்சல் உறைகளில் கையெழுத்துப் போட்டு வைத்தார்கள். திரும்பி வராவிட்டால் குடும்பம் அவற்றை விற்றுப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று. யாருக்கு என்று அவற்றில் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் படம் எந்த ஏலத்துக்கும் வராது. 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16இல் போன சார்லி டியூக், தன் குடும்பப் படம் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நிலவின் மண்ணில் வைத்துவிட்டு வந்தார். அவர், மனைவி, இரண்டு மகன்கள். பூமியிலிருந்து வந்த விண்வெளி வீரர் டியூக்கின் குடும்பம் இது என்று பின்பக்கம் எழுதி, வீட்டார் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். நிலவிலிருந்து கிளம்பும் முன் அதை அவர் கேமராவில் எடுத்த படம் இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கிறது.

நிலவில் ஒரு பகல் என்பது நமக்கு இரண்டு வாரம். வெயிலைத் தடுக்கக் காற்றும் இல்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் அந்த வெயிலில் காய்ந்து, முகங்கள் இந்நேரம் வெளுத்துப் போயிருக்கத்தான் வாய்ப்பு. ஆனால் அவர் வைத்தபோது படம் மேல்நோக்கி இருந்தது. கையெழுத்துகள் இருக்கும் பக்கம் மண்ணை ஒட்டி, வெயில் படாமல் கிடக்கிறது.