மிஸ்ஸி (நர்ஸ்) ஆகணும், ஆனா பெம்பர்ஸ் (டயப்பர்) மாத்தக் கூடாதா?

நர்ஸிங் படிக்கிற ஒரு பொண்ணோட அப்பா விட்ட அந்த வாய்ஸ் நோட்டப் பத்தி வாயத் திறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். குடும்ப குரூப்ல வந்துச்சு, கோயில் குரூப்ல வந்துச்சு, கடைசியில என்கூட டியூட்டி பாக்குற நர்ஸுங்களே "கேட்டியா கேட்டியா"ன்னு அனுப்புறாங்க. கேட்டாச்சு. "என் பொண்ண நர்ஸாக்கத்தான் கடன் வாங்கிப் படிக்க வெச்சேன், கெழடுங்களுக்குக் கழுவி விட இல்ல"ன்னு அந்த அண்ணன் கத்துறாரு. சரி, பெத்த மனசு, கத்திட்டுப் போகட்டும். ஆனா அதுக்கப்புறம் அவ படிக்கிற காலேஜ் பண்ணுச்சு பாருங்க, அதான் வயிறு எரியுது. முதியோர் இல்லத்துக்கு ஸ்டூடண்ட்ஸ வேலை பழக அனுப்பற போஸ்டிங் கேன்சலாம், பதிலுக்கு லேப்ல பொம்மைய வெச்சு ப்ராக்டீஸாம். சந்தடி சாக்குல மனநல வார்டு போஸ்டிங்கையும் குறைச்சுட்டு வீடியோ காட்டப் போறாங்களாம். அதுக்குக் கீழ நம்மாளுங்க எல்லாம் லைக் போட்டுக் கொண்டாட்டம். சூப்பர்லா.

அந்தப் பொம்மைய நானும் பாத்திருக்கேன். நல்ல பொம்மை. துப்பாது, கிள்ளாது, "என் தங்கச் சங்கிலிய நீதான் எடுத்தே"ன்னு உங்க மேல பழி போடாது, மாத்திரைய முழுங்கின மாதிரி நடிச்சுட்டு நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சுக்காது. இத எல்லாம் பண்றது மனுஷங்க. சர்ஜிக்கல் வார்டுல நோயாளி "மிஸ்ஸி, இங்க வலிக்குது"ன்னு கையக் காட்டுவாரு. வயசானவங்களும் மனசு உடைஞ்சவங்களும் அப்படிக் காட்ட மாட்டாங்க. சொல்லத் தெரியாது, இல்லன்னா சொல்ல விரும்ப மாட்டாங்க. அவங்க சொல்லாதத நாமதான் பாத்துக் கண்டுபிடிக்கணும். அந்தப் பார்வை அந்த ரெண்டு எடத்துலதான் வரும், வேற எங்கேயும் அவ்வளவு சீக்கிரம் வராது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், ஆனா இது யாருக்கும் ஏற மாட்டேங்குது.

"கழுவி விடறது ஆயா வேலை"ன்னு எழுதியிருந்தாரு ஒருத்தர். பெம்பர்ஸ் மாத்தும்போது ஒரு நர்ஸ் என்ன பாக்குறான்னு அவருக்குத் தெரியுமா? முதுகுத்தண்டு முடியற எடத்துல தோல் செவந்திருக்கா, விரலால அமுக்கி எடுத்தா வெளுக்குதா, வெளுக்காம அப்படியே செவப்பா நின்னா அங்க படுக்கைப் புண்ணு ஆரம்பிச்சாச்சு. இன்னிக்குப் பாத்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வெச்சுக் காப்பாத்தலாம், விட்டா எலும்பு தெரியற வரைக்கும் போகும். மூத்திரத்தோட நிறம், நாத்தம், மலம் எத்தனை நாளா போகல, குதிகால், தொடை இடுக்கு, எல்லாம் அந்த அஞ்சு நிமிஷத்துலதான். ஆயா வேலையாம்.

என் மாமியார் கதைய இங்க சொல்லணும், அவங்க இருந்தா திட்டுவாங்க, பரவால்ல. இங்க மலேசியாவுல, கெடா பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டின கை அது. பாத்ரூம்ல வழுக்கி இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆச்சு, எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. மறுநாள் நல்லாதான் பேசினாங்க, பேரன் சாப்பிட்டானான்னு கேட்டாங்க. அதுக்கு அடுத்த ராத்திரி "மணியாச்சு, பெரட்டுக்குப் போகணும், மண்டோர் ஏசுவாரு"ன்னு, அதாவது தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுக்குறதுக்கும் மேஸ்திரிக்கும் பயந்து, கட்டில விட்டு எறங்கப் பாத்திருக்காங்க. என்ன பண்ணாங்க தெரியுமா, ரெண்டு கையையும் துணியால கட்டிலோட கட்டிட்டு "டிமென்ஷியா", அதான் மறதி நோய்னு சார்ட்ல எழுதிட்டாங்க. ஒரே ராத்திரியில வருமா டிமென்ஷியா? அது மாசக்கணக்கா வருஷக்கணக்கா மெல்ல மெல்ல வர்றது. திடீர்னு வந்தா அது டெலிரியம், திடீர் மனக்குழப்பம், அதுக்குப் பின்னாடி ஒரு காரணம் ஒளிஞ்சிருக்கும். கிருமி, வலி, மலச்சிக்கல், தண்ணி பத்தாம போறது, புது மருந்து, ஏதோ ஒண்ணு.

காலையில அந்த வார்டுக்கு போஸ்டிங் வந்த ஒரு ஸ்டூடண்ட்தான் கண்டுபிடிச்சா. மலாய்க்காரப் பொண்ணு. "பாட்டி, சாக்கிட் மானா?" (எங்க வலிக்குது?)ன்னு கேட்டுட்டு அடிவயித்துல கைய வெச்சுப் பாத்திருக்கா, கல்லு மாதிரி இருந்திருக்கு. யூரின் டியூப் தொடைக்கு அடியில மடங்கிக் கெடக்கு, பையில ஒண்ணுமே எறங்கல. மடிப்ப எடுத்துவிட்டு ஓடிப்போய் ஸ்டாஃப் நர்ஸக் கூப்பிட்டிருக்கா. சாயங்காலம் நான் போனப்ப மாமியாருக்கு மண்டோரும் ஞாபகம் இல்ல, பெரட்டும் ஞாபகம் இல்ல, கைமணிக்கட்டுல துணி கட்டின தடம் மட்டும் இருந்துச்சு. அந்தப் பொண்ணத் தேடிப் போய்ப் பேசினேன். போன செமஸ்டர் முதியோர் இல்லத்துல இருந்தாளாம், அங்க ஒரு ஆ மா (சீனப் பாட்டி) இப்படித்தான் திடீர்னு மாறினாங்களாம். எந்தப் பொம்மை சொல்லிக் குடுத்திருக்கும் இத?

சரி, பாதுகாப்புப் பத்திக் கேக்குறவங்களுக்கு வர்றேன். "மனநல வார்டுக்கு வயசுப் பொண்ணுங்கள அனுப்புறீங்களே, அடிச்சா?" ஐயோ, எமெர்ஜென்சியில சனிக்கிழமை ராத்திரி குடிச்சுட்டு வர்றவன் அடிக்க மாட்டானா? அங்க போஸ்டிங் போகும்போது எந்த அப்பாவும் வாய்ஸ் நோட் விடலையே. நான் படிக்கிற காலத்துல உலு கிந்தா பஹாகியா மனநல ஆஸ்பத்திரியில போஸ்டிங். 1911-ல தொறந்த எடம், நம்ம ஊரு வாய்ல அது இன்னும் தஞ்சோங் ரம்புத்தான்தான், சேட்டை பண்ற புள்ளைங்கள மெரட்டுறதுக்குன்னே வெச்சிருக்கற பேரு. பஸ் ஏறும்போது எங்க சித்தி "நீயும் அங்கேயே தங்கிடாத"ன்னு சிரிச்சாங்க. அங்க இருந்த சிஸ்டர்தான் சொல்லிக் குடுத்தாங்க: கதவுக்குப் பக்கத்துல நீ உக்காரு, வெளிய போற வழிய மறிச்சு நிக்காத, கழுத்துல இறுக்கமா டேக் போடாத, குரல ஒசத்தாத. காதுல குரல் கேக்குதுன்னா இல்லவே இல்லன்னு சண்டைக்குப் போகாத, ஆமான்னும் சொல்லாத, "எனக்குக் கேக்கல, ஆனா உங்களுக்குக் கேக்குதுன்னு புரியுது, அது என்ன சொல்லுது?"ன்னு கேளு. உன்னையோ மத்தவங்களையோ ஏதாவது பண்ணச் சொல்லுதான்னு கட்டாயம் கேளு. அந்த ஒரு கேள்வியில உயிர் தப்பும். வீடியோவுல பாத்தா அது வசனம், ஒரு ஆள் முன்னாடி உக்காந்து கேக்கும்போதுதான் நாக்கு எவ்வளவு ஒட்டிக்குதுன்னு தெரியும்.

"ஸ்டூடண்ட்ஸ ஓசி வேலையாளா யூஸ் பண்றாங்க"ன்னும் சொல்றாங்க. இது மட்டும் நியாயம், ஒத்துக்கிறேன். இன்ஸ்ட்ரக்டர் கூட வராம, லாக்புக்ல கையெழுத்து மட்டும் போட்டுட்டு, புள்ளைங்கள நாள் முழுக்கக் குளிப்பாட்ட விடற எடம் இருக்கு. அப்படின்னா இன்ஸ்ட்ரக்டர அனுப்புன்னு கேளுங்க, யாரு வேணாம்னா? போஸ்டிங்கையே தூக்குனா எப்படி?

இன்னொருத்தர், "என் பொண்ணு ஐசியுல வேலை செய்யப் போறா, அவளுக்கு எதுக்கு இது?"ன்னு கேக்குறாரு. ஐசியுல படுத்திருக்கறது யாரு அண்ணே, காலேஜ் பசங்களா? 2030-ல நம்ம மலேசியாவுல நூத்துக்கு 15 பேர் 60 வயசத் தாண்டினவங்களா இருப்பாங்கன்னு கவர்மெண்டே சொல்லுது. பினாங்குல அதுக்காகக் காத்திருக்கவே வேணாம், எந்த வார்டுக்கு வேணும்னாலும் வந்து பாருங்க. தற்கொலைக்கு முயற்சி பண்ணா குத்தம்னு சட்டத்துல இருந்த 309-வது பிரிவ 2023-ல எடுத்துட்டாங்க, ரொம்ப நல்லது, ஆனா முன்ன போலீஸுக்குப் பயந்து மறைச்சவங்க இனிமே எங்ககிட்டதானே வருவாங்க? வந்து பெட்ல படுத்து செவுத்தப் பாத்துட்டு இருக்கறவங்ககிட்ட போய் என்ன பேசறது? வீடியோ பாத்துட்டு வந்த நர்ஸ் பிபி எடுத்துட்டு நகந்துடுவா. குத்தம் அவமேல இல்ல, அவளுக்கு யாரும் காட்டலையே.

நம்ம சனத்துக்கு இதெல்லாம் அசிங்கம், அதான் விஷயம். வீட்டுல ஒருத்தருக்கு மனசு சரியில்லன்னா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவோம், தாயத்துக் கட்டுவோம், கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்னு இன்னொரு வீட்டுப் பொண்ணு தலையில கட்டுவோம், வார்டுக்கு மட்டும் கூட்டிட்டு வர மாட்டோம். அப்பா அம்மாவ ஹோம்ல விட்டுட்டு மாசம் ஒரு தடவை மைலோ டின்னோட போட்டோ எடுத்துட்டு வருவோம், அவங்களுக்குக் கழுவி விடற பொண்ணு மட்டும் நமக்குக் கேவலம். நானும் இத்தனை வருஷமா அந்தக் கழுவி விடற வேலையத்தான் பண்றேன், எங்கேயோ ஒரு அண்ணனோட அம்மாவுக்கும் பண்ணியிருப்பேன். சிங்கப்பூர் போயிருந்தா மூணு மடங்கு சம்பளம், போகல, சொல்லிக் காட்டல, சும்மா சொல்றேன்.

காலேஜ்காரங்க யாராவது படிச்சா ரெண்டு போஸ்டிங்கையும் திருப்பிப் போடுங்க, கூடவே ஒழுங்கான இன்ஸ்ட்ரக்டரையும் அனுப்புங்க. எங்க வார்டுக்கு அனுப்பினாலும் சரி, நானே கூட நின்னு காட்டுறேன். எந்தக் காலேஜ்னு கமெண்ட்ல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். எனக்கு இன்னிக்கு நைட் டியூட்டி, சண்டை போடறவங்க போடுங்க, நாளைக்குத் தூங்கி எந்திரிச்சு பதில் போடறேன்.