டிசம்பர் 26 எல்லா ஊரிலும் 'பாக்சிங் டே' இல்லைங்க!

வருஷக் கடைசி வந்தால் போதும், இந்த வேதனை ஆரம்பித்துவிடும். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு வேலை செய்கிற அலுவலகங்களில் அடுத்த ஆண்டு விடுமுறைப் பட்டியல் சுற்றுக்கு வரும். ஜெர்மனி, அயர்லாந்து, நெதர்லாந்து, கனடா, தென்னாப்பிரிக்கா என்று பத்து நாடு இருக்கும். டிசம்பர் 26-க்கு நேரே பத்துக்கும் ஒரே பெயர்: பாக்சிங் டே. போன வருஷக் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியது. அதற்கு முந்தைய வருஷமும் அப்படித்தான் ஒட்டினார்கள். இதே வாரத்தில் மெல்பர்ன் 'பாக்சிங் டே' டெஸ்ட் கிரிக்கெட் பற்றிச் செய்தி எழுதுகிறவர் யாராவது அதைத் தமிழாக்குகிறேன் என்று "குத்துச்சண்டை தினம்" என்று போட்டுவிடுவார். படிக்கிறபோது வயிறு எரிகிறது. குத்துச்சண்டைக்கும் அந்த நாளுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை!

பாக்ஸ் என்றால் இங்கே பெட்டி. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கடைகளில் தொழில் பழகுகிற பையன்கள் ஒரு மண் பெட்டி வைத்திருப்பார்கள். மேலே காசு போட ஒரு கீறல் இருக்கும், எடுக்க வழி இருக்காது. வாடிக்கையாளர்கள் போடுகிற காசு சேர்ந்துகொண்டே போகும், கிறிஸ்துமஸ் சமயத்தில் உடைத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். திருவிழாக் கடையில் நாம் வாங்குகிற மண் உண்டியல் இருக்கிறதே, அச்சு அசல் அதேதான். லண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில், 1663 டிசம்பர் 19 அன்று, செருப்புக் கடைக்குப் போய்ப் பாக்கியைத் தீர்த்துவிட்டுக் கிறிஸ்துமஸுக்காகப் பையன்களின் பெட்டியில் கொஞ்சம் போட்டதாக எழுதி வைத்திருக்கிறார். பிறகு பெட்டியின் பெயரே காசுக்கும் ஆகிவந்தது. தபால்காரர், குப்பை எடுக்கிறவர், பேப்பர் போடுகிற பையன் என்று வருஷம் முழுக்க வீட்டுக்கு உழைத்தவர்களுக்குக் கொடுப்பதெல்லாம் 'கிறிஸ்துமஸ் பாக்ஸ்'. நாம் தீபாவளி இனாம் என்கிறோமே, அந்தக் காசு.

ஆக, தமிழாக்கியே தீரவேண்டும் என்றால் 'இனாம் நாள்' என்று எழுதுங்கள். இல்லையா, பாக்சிங் டே என்றே விடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. பரிசு வந்த காலி அட்டைப்பெட்டிகளைத் தூக்கி எறிகிற நாள் என்று வாட்ஸப்பில் சுற்றுகிற கதையையும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். அந்தப் பெயருக்கும் அட்டைப்பெட்டிக்கும் சம்பந்தமே கிடையாது.

இதைவிட வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. அந்த நாளுக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது! கத்தோலிக்கத் திருவழிபாட்டு நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். டிசம்பர் 26 புனித ஸ்தேவான் திருநாள். அவருக்கே இன்னொரு பெயர் முடியப்பர். கிரேக்கத்தில் ஸ்தெஃபனோஸ் என்றால் முடி, மணிமுடி. அதை அப்படியே தமிழில் வார்த்து முடியப்பர் என்று வைத்தார்கள், முடியப்பன் என்று பிள்ளைகளுக்கும் பெயரிட்டார்கள். எவ்வளவு அழகான பெயர்! பைபிளில் அப்போஸ்தலர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில், விதவைகளுக்கு அன்றாட உணவு பங்கிடும் வேலைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேரில் முதலில் வருகிறவர் அவர். ஏழாம் அதிகாரத்தில் கல்லால் எறிந்து கொல்கிறார்கள். கிறிஸ்துவத்தின் முதல் மறைசாட்சி. ஐரோப்பாவில் பல நாடுகள் அந்த நாளைக் குறிப்பது இவர் பெயரால்தான். கையில் முடியப்பரை வைத்துக்கொண்டு குத்துச்சண்டையைத் தேடிப் போகிறோமே, இது என்ன நியாயம்?

அயர்லாந்துக் குடியரசில் அது செயின்ட் ஸ்டீபன்ஸ் டே, அதாவது ஸ்தேவான் நாள். டப்ளினில் இருக்கிற வாடிக்கையாளருக்கு "ஹேப்பி பாக்சிங் டே" என்று மின்னஞ்சல் தட்டுகிறவர்களே, அந்தப் பெயர் ஆங்கிலேயருடையது. எந்த நாட்டின் ஆட்சியிலிருந்து விடுபட்டு வந்தார்களோ அந்த நாட்டுப் பெயரை அவர்கள் பண்டிகைக்கே ஒட்டி அனுப்புகிறீர்கள். பெரும்பாலும் அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், மரியாதைக்காக. அதற்காகச் சரியாகிவிடாது.

அங்கே அதற்கு ரென் நாள் என்றும் பெயர் உண்டு. ரென் என்பது பத்து கிராம் அளவே எடை வருகிற பழுப்புக் குருவி, வாலை நிமிர்த்திக்கொண்டு வேலிக்குள் புகுந்து புகுந்து ஓடும். ஒளிந்திருந்த ஸ்தேவானைக் கத்திக் காட்டிக்கொடுத்தது இதுதான் என்று நாட்டுக்கதை. அந்தக் காலத்தில் பையன்கள் அதை அடித்து, ஹாலி இலை கட்டிய கம்பின் உச்சியில் தொங்கவிட்டு, "ரென்னைப் புதைக்கக் காசு கொடுங்கள்" என்று வீடு வீடாகப் போவார்கள். இப்போது நிஜக் குருவி கிடையாது, பொம்மைதான். கெர்ரி மாவட்டத்து டிங்கிள் ஊரில் வைக்கோலில் உடை பின்னி, முகம் தெரியாமல் மூடிக்கொண்டு, மத்தளமும் குழலுமாக இன்றும் தெருவில் வருகிறார்கள். இத்தனையும் ஒரு நாளுக்குள் இருக்கிறது. அதன்மேல் 'பாக்சிங் டே' என்று சீட்டு ஒட்டினால் அத்தனையும் மறைந்துபோகிறது.

ஜெர்மனியில் அது இரண்டாம் கிறிஸ்துமஸ் திருநாள். நெதர்லாந்தில் இரண்டாம் கிறிஸ்துமஸ் நாள். போலந்து, டென்மார்க், நார்வே, ருமேனியா எல்லாம் இதே முறை. ஸ்வீடனில் அன்னன்டாக் யூல், 'அடுத்த நாள்' என்ற பொருள்தான். இவர்களுக்குக் கிறிஸ்துமஸ் 25-ஆம் தேதியோடு முடிவதில்லை, 26-உம் கிறிஸ்துமஸ்தான். இது வெறும் பெயர் விவகாரமில்லை, வேலையையும் பாதிக்கும். பாக்சிங் டே என்று படித்தவுடனே நம் ஆட்கள் மனதில் வருவது தள்ளுபடி விற்பனை, கடைவாசலில் வரிசை. இங்கிலாந்தில் அது சரி, 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகளுக்குச் கிறிஸ்துமஸ் சமயத்தில் சட்டம் போடுகிற பூட்டு டிசம்பர் 25-க்கு மட்டும்தான். அதே நினைப்பில் ஜெர்மனிக்கு 26-ஆம் தேதி விற்பனை விளம்பரம் திட்டமிட்டால்? அங்கே பதினாறு மாநிலத்திலும் அன்று பொது விடுமுறை. ரயில் நிலையம், விமான நிலையம், பெட்ரோல் பங்க் தவிர ஏறக்குறைய எல்லாம் சாத்தியிருக்கும்.

2026-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 25 வெள்ளி, 26 சனி, 27 ஞாயிறு. ஜெர்மனியில் மூன்று நாள் தொடர்ந்து கடையடைப்பு. 24-ஆம் தேதி மதியத்தோடு வாங்கவேண்டியதை வாங்கி முடிக்கவேண்டும். ஆனால் 28 திங்கள் அங்கே வேலைநாள், ஏனென்றால் சனியில் விழுந்த விடுமுறைக்கு அவர்கள் மாற்று நாள் கொடுப்பதில்லை. இங்கிலாந்தில் நேர்மாறு: 26 சனி என்பதால் 28 திங்கள் மாற்று வங்கி விடுமுறை (அங்கே பொது விடுமுறைக்கு அதுதான் பெயர்). இரண்டு நாட்டுக்கும் ஒரே வரியில் 'பாக்சிங் டே' என்று எழுதி, ஒரே மாற்று விதியை இழுத்துவிட்டால் ஒன்று ஜெர்மன் குழு திங்கட்கிழமை ஆளில்லாமல் நிற்கும், அல்லது இங்கிலாந்துச் சம்பளம் தாமதமாகும்.

சம்பளக் கணக்கு பார்க்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் சம்பளம் அனுப்புகிற பேக்ஸ் என்ற வங்கிப் பரிமாற்ற முறையில் பணம் போய்ச்சேர மூன்று வேலைநாள் வேண்டும்: முதல் நாள் கோப்பு ஏற்றுவது, இரண்டாம் நாள் செயலாக்கம், மூன்றாம் நாள் கணக்கில் வரவு. 29 செவ்வாய் பணம் சேரவேண்டும் என்றால் இரண்டாம் நாள் 24 வியாழன், முதல் நாள் 23 புதன். 23-ஐத் தவறவிட்டால் பண்டிகை நேரத்தில் ஒரு குடும்பத்துக்குச் சம்பளம் போகாது. யூரோவில் அனுப்புகிற பெரிய தொகைகள் ஓடும் டார்கெட் அமைப்போ 25, 26 இரண்டு நாளும் மூடும், 28-ஆம் தேதி திறந்திருக்கும். அங்கே பாக்சிங் டே என்ற பெயரே கிடையாது, தேதி மட்டும்தான்.

2027-இல் இன்னும் குழப்பம். 25 சனி, 26 ஞாயிறு. இங்கிலாந்தில் 27 திங்கள், 28 செவ்வாய் இரண்டும் மாற்று விடுமுறை. 2021-இல் இப்படித்தான் வந்தது. 2022-இல் கிறிஸ்துமஸ் ஞாயிறில் விழுந்தபோது 26 திங்கள் பாக்சிங் டேயாகவே நின்றது, கிறிஸ்துமஸின் மாற்றுதான் 27-க்குத் தள்ளிப்போனது. வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக ஒரு நாள் தள்ளுகிற சூத்திரத்தை எழுதி வைத்திருக்கிறவர்கள் இங்கேதான் விழுவார்கள்.

அயர்லாந்தில் விதி வேறு. அங்கே 26 பொது விடுமுறை, 1997-ஆம் ஆண்டின் வேலைநேரச் சட்டப்படி முதலாளி நான்கில் ஒன்றைக் கொடுத்தாகவேண்டும்: அன்றே சம்பளத்தோடு விடுப்பு, ஒரு மாதத்துக்குள் வேறொரு நாள் விடுப்பு, ஆண்டு விடுப்பில் கூடுதல் ஒரு நாள், இல்லையென்றால் கூடுதல் ஒரு நாள் சம்பளம். சனியில் விழுந்தாலும் இந்த உரிமை போகாது, ஆனால் திங்கள் தானாக விடுமுறை ஆகிவிடாது. இங்கிலாந்து வரியை நகலெடுத்து ஒட்டினால் இது எப்படித் தெரியும்?

பிரான்சில் 26 வேலைநாள். ஆனால் அல்சாஸிலும் மோசெலிலும் விடுமுறை! 1871 முதல் 1918 வரை ஜெர்மனியின் கையில் இருந்த பகுதி, அந்தக் காலத்து விடுமுறை இன்னும் தொடர்கிறது. ஸ்ட்ராஸ்பர்க்கில் இருப்பவரை அன்று கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள், பாரிஸில் இருப்பவரைக் கூப்பிடலாம். கனடாவிலும் இப்படித்தான். டொரண்டோ இருக்கிற ஒன்டாரியோவில் சட்டப்படி விடுமுறை, பக்கத்து கியூபெக்கில் இல்லை. ஸ்பெயினில் கத்தலோனியாவுக்கு அது சான் எஸ்தேவே, ஸ்தேவானேதான். முதல் நாள் பெரிய பானையில் வேகவைத்த இறைச்சி மிச்சத்தை அரைத்து, மாவுத் தகட்டில் சுருட்டி, பெஷமெல் சாஸ் ஊற்றி, மேலே சீஸ் தூவி அடுப்பில் சுட்டு எடுத்தால் கனலோன்ஸ். அந்த வீட்டில் அந்த நாளின் அடையாளமே அந்தத் தட்டுதான்.

ஆஸ்திரேலியாவிலாவது எல்லாம் ஒன்றா? தெற்கு ஆஸ்திரேலியாவில் அந்த விடுமுறை பிரகடன நாள், 1836 டிசம்பர் 28-இல் அங்கே குடியேற்ற அரசு அறிவிக்கப்பட்டதன் நினைவு. தென்னாப்பிரிக்கா பாக்சிங் டே என்ற பெயரை வேண்டுமென்றே தூக்கிப் போட்டது. நிறவெறி ஆட்சி முடிந்த 1994-இல் வந்த விடுமுறைச் சட்டத்தில் அது நல்லெண்ண நாள் என்றே இருக்கிறது. ஒரு நாடு யோசித்து மாற்றிய பெயரை முப்பது வருஷம் கழித்தும் நம் பட்டியலில் பழையபடி எழுதுகிறோம். கிரீஸில் 26 விடுமுறைதான், ஆனால் இறையன்னைக்கு உரியது. ஸ்தேவானுக்கு அவர்கள் முறையில் 27.

நம் மாட்டுப் பொங்கலை எவராவது 'கால்நடை விடுமுறை' என்று எழுதினால் சும்மா இருப்போமா?

செய்யவேண்டியது பெரிய வேலையில்லை. நாட்டுக்கு ஒரு வரி, மாநிலம் மாறினால் அதற்கும் தனி வரி. அந்த ஊர்ப் பெயர், வார இறுதியில் விழுந்தால் மாற்று நாள் உண்டா, கடையும் வங்கியும் திறக்குமா, இந்த மூன்றையும் அந்தந்த அரசின் விடுமுறை அறிவிப்பிலிருந்து எடுத்து நிரப்புங்கள். அரை நாள் போதும். வாழ்த்து அனுப்புவதானால் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் 'பண்டிகை வாழ்த்துகள்' போதும்.

கடைசியாக ஒன்று, இதில்தான் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவு நிலநடுக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்து மறுநாள் கடற்கரைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. இங்கிலாந்துப் பத்திரிகைகளுக்கு அது பாக்சிங் டே சுனாமி, அவர்கள் நாட்காட்டியில் அந்தப் பெயர் இருப்பதால். அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருகிறார்கள். எந்திரத்தில் போட்டு "குத்துச்சண்டை தின சுனாமி" என்று வெளியிடுகிறவர்களும் உண்டு. அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் வருஷா வருஷம் கடலில் பாலூற்றிப் பூத்தூவுகிறவர்கள் எதிரில் அந்த வார்த்தையைப் படித்துக்காட்ட முடியுமா? இலங்கையில் அன்று காலை 9.25-க்கு நாடே இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறது, அங்கே அது தேசிய பாதுகாப்பு தினம். நம் கரையில் அதற்குப் பெயர் சுனாமி நினைவு நாள். தமிழில் எழுதும்போது அதை எழுதுங்கள்.