எல்லா ராமும் ஒண்டுதானாம்!

கம்ப்யூட்டருக்கு ஓடர் பண்ணின ராம், அதான் மெமரி, கொழும்பில இருந்து பார்சலில வந்திட்டு எண்டு, கல்லடிப் பாலத்தால கொளுத்துற வெயிலுக்க சைக்கிள் மிதிச்சுப் போய் எடுத்துக்கொண்டு வந்தன். என்ட மதர்போர்ட் ஏஎம்டிட ஏஎம்5 வகை. அதுக்கு டிடிஆர்5 எண்ட புது வகை ராம் மட்டுந்தான் போடலாம். பெட்டிக்குள்ள கிடக்கிறது அதுக்கு முந்தின டிடிஆர்4!

ரெண்டுக்கும் 288 பின் (தொடுமுனை) தான், நீளமும் ஒண்டுதான். நடுவில இருக்கிற வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி. ஏறவே ஏறாது. கடைக்குக் கோல் எடுத்துக் கேட்டா, "தம்பி, எல்லாம் ஒண்டுதான், நல்லா அமத்திப் பாருங்க" எண்டுறார். அமத்தினா ஸ்லொட் உடையும் அண்ணன்!

மறுகா மாத்தி எடுத்தாச்சு. பெட்டியில வேகம் 6000 எண்டு கொட்டை எழுத்தில கிடக்கு, கம்ப்யூட்டர் 4800 எண்டு காட்டுது. பயோஸ் எண்ட மதர்போர்ட் செட்டிங்குக்குள்ள போய், ராமை அந்த வேகத்தில ஓட வைக்கிற எக்ஸ்போவை நாமதான் போடணுமாம். அதையும் அந்தப் பெட்டியில எழுதினா என்ன?

இப்ப சிபியு கூலர்ர ஃபேன் ராமின்ட தலையில முட்டுது. கேஸ் இன்னும் மூடல்ல.