ஐஃபல் எரிமலை ஏரிகளை நடந்தே பாருங்கள்

ஜெர்மனியின் ஐஃபல் மலைப்பகுதியில் டௌன் ஊருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று மார் ஏரிகளையும் அரை நாளில் காரிலேயே பார்த்துவிடலாம் என்கிறது நான் படித்த ஒரு பயணக் கட்டுரை. பார்க்கலாம்தான், ஆனால் பாதிதான் புரியும். மார் என்பது நிலத்தடி நீரில் எரிமலைக் குழம்பு பட்டு வெடித்ததில் உருவான பள்ளம். இந்த மூன்றில் வைன்ஃபெல்டர் மாரையும் ஷால்கென்மேரன் மாரையும் பிரிப்பது ஒரு குறுகிய மேடு மட்டுமே, இருந்தும் இரண்டின் நீர்மட்டமும் வேறு வேறு. அந்த மேட்டில் நடந்தால்தான் அது கண்ணில் படும். அப்புறம் மௌஸெபெர்க் குன்றின் மேல் உள்ள ட்ரோங்கெ கோபுரம் வரை ஏறுங்கள். ஐஃபல் நடைபயணச் சங்கத்தை 1888-இல் தொடங்கியவரின் நினைவாகக் கட்டியது. அங்குள்ள பாதைகளுக்கு இன்றும் அடையாளமிட்டு வருவது அந்தச் சங்கம்தான்.

அதே பகுதியில் நோன் என்ற ஊருக்கு அருகிலுள்ள ட்ரைம்யூலன் அருவியைக் கட்டுரை விட்டுவிட்டது பெரிய குறை. 1912 வாக்கில் ரயில் பாதை போட்டபோது ஊற்றுகளை ஒன்றாகத் திருப்பிவிட்டதில் உருவான அருவி அது. நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு பாசிமேல் படிந்து கல்லாகிறது. அதன்மேல் மறுபடி பாசி. அதனால் அருவியின் விளிம்பு வருடா வருடம் முன்னால் வளர்ந்துகொண்டே போகிறது! ஆகன் பக்கமிருந்து டிரியர் வரை 313 கிலோமீட்டர் நீளும் ஐஃபல்ஸ்டைக் நடைபாதை இதன் வழியாகத்தான் போகிறது. முழுதும் நடக்க வேண்டாம், இந்தத் துண்டு போதும்.

ஒரே வேண்டுகோள்: படம் எடுக்கப் பாசிமேல் ஏறாதீர்கள். மிதித்தால் அருவி வளர்வது நின்றுபோகும்.