பதினெட்டு வயதுப் பையனுக்கு எந்த ஐஸில் இடம் கிடைக்கும்?

வட அமெரிக்காவின் முதல் நிலை ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல்லில், அணிகள் வரிசையாக இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஜூன் கடைசியில் முடிந்ததுமே இங்கே டொராண்டோவில் ஒரே பேச்சுதான்: "இந்தப் பையன் எப்போது நம்ம ஊர் அணியான லீஃப்ஸில் ஆடுவான்?" ஸ்வீடனிலிருந்தோ ஃபின்லாந்திலிருந்தோ எடுத்த பையன் என்றால் அவசரம் இன்னும் கூடிவிடும். அவன் அடித்த கோல்களை எல்லோரும் யூடியூபில் பார்த்திருப்பார்கள், ஒரு முழு ஆட்டத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அக்டோபரிலேயே அவன் வந்து இறங்கிவிட வேண்டும்.

இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. ஐரோப்பாவில் எடுத்த பையனை எப்போது கூட்டி வருவது என்பதை, அவன் எத்தனையாவது ஆளாகத் தேர்வானான் என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. வரப்போகும் குளிர்காலத்தில் எந்த அணியில் அவனுக்கு அதிக நிமிடங்கள் கிடைக்கும், எங்கே அவன் மட்டைக்கு பக் (ஹாக்கியின் ரப்பர் வட்டு) அடிக்கடி வரும், எங்கே தப்பு செய்தாலும் அடுத்த முறை அவனையே இறக்குவார்கள் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அது அவனுடைய சொந்த ஊர் கிளப்பாக இருக்கலாம், வட அமெரிக்காவின் இரண்டாம் நிலை லீகான ஏஹெச்எல்லாக இருக்கலாம், சில சமயம் என்ஹெச்எல்லாகவே இருக்கலாம்.

ஐஸ் ஹாக்கி அதிகம் பார்க்காத நண்பர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. டிராஃப்டில் 32 அணிகள், ஏழு சுற்று, வருடத்துக்கு 224 பையன்கள். பெரும்பாலானவர்களுக்கு வயது 18. கனடா ஜூனியர் லீகில் எடுத்த பையனுக்கு இருபது வயது வரை இரண்டே வழிதான் இருந்தது: என்ஹெச்எல்லில் ஆடு, இல்லையென்றால் திரும்ப ஜூனியருக்கே போ. ஏஹெச்எல் கிடையாது. அந்த விதி இப்போதுதான் கொஞ்சம் தளர்கிறது. ஐரோப்பிய கிளப்பில் எடுத்த பையனுக்கு ஆரம்பத்திலிருந்தே மூன்று வழியும் திறந்திருக்கிறது. ஸ்வீடன், ஃபின்லாந்து பையன்கள் மீது அணிக்கு நான்கு வருடம் உரிமை உண்டு. முதல் ஒப்பந்தம் மூன்று வருடம். 18, 19 வயதில் என்ஹெச்எல்லில் பத்து ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் அந்த வருடம் ஒப்பந்தக் கணக்கில் சேராது. அதாவது, காத்திருப்பதால் அணிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இவ்வளவு வசதி இருந்தும் அவசரப்படுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

யெஸ்ஸே புல்யுயார்வியை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. 2016 தொடக்கத்தில் ஹெல்சிங்கியில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் ஃபின்லாந்து தங்கம் வென்றது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது இவனுக்குத்தான். நல்ல உயரம், நீளமான எட்டு, சிரித்த முகம். அந்த வருட டிராஃப்டில் மூன்றாவதாகப் போவான் என்றார்கள், கொலம்பஸ் வேறு ஆளை எடுத்துவிட்டது. நான்காவதாக எட்மன்டன் எடுத்தபோது அந்த ஊரே கொண்டாடியது. அக்டோபரில் நேராக என்ஹெச்எல். பதினெட்டு வயது, ஆங்கிலம் சரியாக வராது, ஓலு ஊரிலிருந்து வந்து ஒரு பெரிய அணியில் மாறி மாறி இறங்கும் நான்கு வரிசைகளில் கடைசி வரிசைகளில் சில நிமிடங்கள் ஆடுகிறான், பல இரவுகள் அந்தச் சில நிமிடமும் இல்லாமல் மேலே உட்கார்ந்து பார்க்கிறான். ஜனவரி வரை 28 ஆட்டம், ஒரு கோல். அதன் பிறகுதான் ஏஹெச்எல்லில் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு அனுப்பினார்கள். பத்து ஆட்டத்தைத் தாண்டிவிட்டதால் ஒப்பந்தத்தில் ஒரு வருடமும் கரைந்துபோனது.

அடுத்த இரண்டு வருடமும் மேலும் கீழுமாகவே போனது. நடுவில் கோச் மாறினார், ஜெனரல் மேனேஜர் மாறினார், ஒவ்வொருவருக்கும் அவனிடம் ஒவ்வொன்று வேண்டியிருந்தது. கடைசியில் 2019-ல் அவன் ஃபின்லாந்துக்கே திரும்பிப் போய் தன் பழைய கிளப்பான கார்பெட்டுக்கு ஆடினான். 56 ஆட்டத்தில் 53 பாயின்ட் (அடித்த கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்ந்த கணக்கு). அந்த சீசனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், திறமை எங்கும் போய்விடவில்லை. 18 வயதில் அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய சீசன் அது, 21 வயதில் கிடைத்தது. பிறகு எட்மன்டன் திரும்பி 15 கோல் அடித்தான், ஆனால் எதிர்பார்த்த உயரத்தை எட்டவே இல்லை. இடுப்புக் காயம் பெரிய காரணம், 2023-ல் இரண்டு இடுப்பு மூட்டுக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டான், அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் அந்த முதல் குளிர்காலத்துக்கு எந்தக் காயமும் காரணமில்லை. அது அணி எடுத்த முடிவு.

அதற்கு ஒரு வருடம் முன்னால், அதே ஃபின்லாந்திலிருந்து இன்னொரு பெரிய உருவம், மிக்கோ ரான்டனென். துர்க்கு நகரத்து டிபிஎஸ் கிளப், 2015 டிராஃப்டில் பத்தாவது. கொலராடோ அவனை ஒன்பது ஆட்டம் இறக்கிப் பார்த்தது, ஒரு பாயின்ட்கூட வரவில்லை. மீதி சீசனை சான் அன்டோனியோவில் ஏஹெச்எல்லில் ஆட வைத்தார்கள். 52 ஆட்டத்தில் 60 பாயின்ட். அங்கே அவன்தான் முதல் வரிசை, எதிரணி ஆள் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் பவர் ப்ளேயிலும் அவன்தான், ஆட்டம் இறுகும்போது கோச் தட்டுவது அவன் தோளைத்தான். அடுத்த வருடம் என்ஹெச்எல்லில் 20 கோல். 2022-ல் ஸ்டான்லி கப். அதற்கடுத்த சீசனில் 55 கோல், 105 பாயின்ட். புல்யுயார்வியை அப்படி வளர்த்திருந்தால் ரான்டனென் ஆகியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வாய்ப்பை அவனுக்குக் கொடுக்கவே இல்லை.

ஏஹெச்எல் என்றாலே தண்டனை என்று நினைப்பவர்கள் ஒரு தடவை டொராண்டோ எக்ஸிபிஷன் பிளேஸுக்குப் போய் லீஃப்ஸின் ஏஹெச்எல் அணியான மார்லீஸின் ஆட்டத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். டிக்கெட் லீஃப்ஸ் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்த ஒரு டிஃபென்ஸ்மேனை மட்டும் பாருங்கள். அவன் வளர்ந்த ரிங்க் பெரும்பாலும் 30 மீட்டர் அகலம், இங்கே 26. நான்கு மீட்டர்தானே என்று தோன்றும். அக்டோபரில், தன் கோலுக்குப் பின்னால் கிடக்கும் பக்கை எடுக்கப் போவான். பழக்கப்படி எடுத்துக்கொண்டு நிமிர்ந்து, திரும்பி, யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்ப்பான். அந்தத் திரும்பலுக்குள் எதிரணி விங்கரின் தோள் வந்து அவனைக் கண்ணாடியோடு சேர்த்து அறையும். பக் போய்விடும், சில சமயம் கோலும் விழும். அதே பையனை பிப்ரவரியில் பாருங்கள். பக்கை எட்டுவதற்கு முன்பே இரண்டு தடவை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துவிடுவான். ஆள் எந்தப் பக்கம் வருகிறான் என்று தெரியும், அவன் வந்து சேரும்போது பக் ஏற்கனவே சுவரில் பட்டுக் கூட்டாளியிடம் போயிருக்கும். இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள நூற்றுக்கணக்கான தடவை அந்த மூலைக்குப் போய் வர வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து வீடியோ பார்த்தால் வராது.

ஏஹெச்எல் அணியில் கோல்கீப்பர்கள் தவிர இறங்கும் 18 ஸ்கேட்டர்களில் குறைந்தது 13 பேர் அதிக அனுபவமில்லாத, வளரும் ஆட்டக்காரர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த லீகே இதற்காக இருக்கிறது. இதில் டொராண்டோவுக்கு ஒரு பெரிய வசதி, இரண்டாம் அணியும் இதே ஊரில். டிமோத்தி லில்யகிரென் 2017-ல் பதினேழாவதாகத் தேர்வாகி, அந்த இலையுதிர் காலத்திலேயே 18 வயதில் மார்லீஸுக்கு வந்தான். அடுத்த கோடையில் ஏஹெச்எல் சாம்பியன் பட்டமான கால்டர் கப்பும் வென்றான். லீஃப்ஸில் நிலையாக இடம்பிடிக்க 2021-22 ஆனது. இடையில் அவனை "வேஸ்ட்" என்று எழுதாத ஆள் இந்த ஊரில் குறைவு. டிஃபென்ஸ்மேன் என்றாலே கூடுதலாக இரண்டு வருடம் பிடிக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறதோ தெரியவில்லை.

சரி, அப்படியானால் ஊரிலேயே விட்டுவிடுவது பாதுகாப்பானதா? அதுவும் அணியைப் பொறுத்தது. எலியாஸ் பெட்டர்சனை 2017-ல் ஐந்தாவதாக எடுத்த வான்கூவர், அவனை ஒரு வருடம் ஸ்வீடனிலேயே விட்டது. அவன் சேர்ந்தது வெக்ஷோ அணி. 44 ஆட்டத்தில் 56 பாயின்ட், சாம்பியன் பட்டம். அடுத்த வருடம் என்ஹெச்எல்லின் சிறந்த புதுமுகம். இந்த ஒரு கதையை வைத்துக்கொண்டு பலரும் "ஸ்வீடனில் விட்டால் போதும், தானாகத் தேறிவிடுவான்" என்று பேசுகிறார்கள்.

வில்லியம் எக்லண்டின் கதையையும் அவர்கள் சொல்ல வேண்டும். 2021-ல் ஏழாவதாக சான் ஹோசே எடுத்த பையன். அந்த சீசன் தொடக்கத்தில் ஒன்பது ஆட்டம் ஆட விட்டு, நவம்பரில் ஸ்டாக்ஹோமில் அவனுடைய யூர்கார்டன் கிளப்புக்குத் திருப்பி அனுப்பினார்கள். காகிதத்தில் பார்த்தால் பெட்டர்சன் வழிதான். ஆனால் யூர்கார்டன் அந்த வருடம் தடுமாறிக்கொண்டிருந்தது. வட அமெரிக்க ரசிகர்கள் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு: ஸ்வீடனில் கீழே விழும் அணி லீகை விட்டே இறங்கிப் போகும். அந்தப் பயத்தில் இருக்கும் கோச்சுக்கு கலிஃபோர்னியாவில் இருக்கும் ஒரு அணியின் எதிர்காலம் எப்படி முக்கியமாகும்? அவருக்கு இன்று இரவு மூன்று புள்ளி வேண்டும், அவ்வளவுதான். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வசந்தத்தில் யூர்கார்டன் உண்மையிலேயே இறங்கிப் போனது. எக்லண்ட் அந்த சீசனில் அங்கே அடித்தது ஒரே ஒரு கோல். அடுத்த வருடம் சான் ஹோசேயின் ஏஹெச்எல் அணியில் ஒரு முழு சீசனை ஒட்டி ஆடிய பிறகுதான் நிமிர்ந்தான். 2023-24-ல் 45 பாயின்ட், அதற்கடுத்த வருடம் 58.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் டெட்ராய்ட்டின் மோரிட்ஸ் சைடர். ஜெர்மனியில் மன்ஹைம் கிளப்பிலிருந்து 2019-ல் ஆறாவதாக எடுத்தபோது எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். முதல் வருடம் கிராண்ட் ராப்பிட்ஸில் ஏஹெச்எல். அடுத்த வருடம் கொரோனாவால் இங்கே லீகுகள் எப்போது தொடங்கும் என்றே தெரியாத நிலை, அவனை ஸ்வீடனின் ரோக்லே அணிக்கு அனுப்பினார்கள். ஜனவரியில் என்ஹெச்எல் தொடங்கிய பிறகும் திருப்பி அழைக்கவில்லை. அங்கே நல்ல அணி, கனமான பொறுப்பு, இறுதிப் போட்டி வரை போனார்கள். அவன்தான் அந்த லீகின் சிறந்த டிஃபென்ஸ்மேன். 2021-22-ல் டெட்ராய்ட் வந்தவன் 82 ஆட்டமும் ஆடி 50 பாயின்ட் எடுத்து, என்ஹெச்எல்லின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் டிராஃபி வாங்கினான். இரண்டு வருடம், இரண்டு கண்டம், ஆனால் ஒரு மாதம்கூட அவனை வேடிக்கை பார்க்க வைக்கவில்லை.

டெட்ராய்ட்டுக்கு இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். பாவெல் தட்சுக்கை 1998-ல் 171-வதாக எடுத்து 2001-ல்தான் கூட்டி வந்தார்கள், அப்போது அவருக்கு வயது 23. ஹென்ரிக் செட்டர்பெர்க் 1999-ல் 210-வது, வந்தது 2002-ல். அவர்கள் ஊரிலேயே முழு ஆட்டக்காரர்களாக ஆன பிறகுதான் விமானம் ஏறினார்கள். இப்போதும் அந்த அணி முன்னாள் ஆட்டக்காரர் நிக்லஸ் க்ரோன்வாலை ஆலோசகராக வைத்திருக்கிறது, ஸ்வீடனில் இருக்கும் பையன்களோடு பேசுவதும் பார்ப்பதும் அவர் வேலையில் ஒரு பகுதி. தானே அந்தப் பாதையில் வந்த ஒருவர், தாய்மொழியில் பேசுவார். எல்லா அணியும் இதைச் செய்ய வேண்டும். டிராஃப்ட் செய்துவிட்டு மாதம் ஒரு வீடியோ கிளிப் அனுப்புவதை நான் வளர்ப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"ஸ்லாஃப்கோவ்ஸ்கி?" என்று மான்ட்ரியால் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2022-ல் முதலாவதாகத் தேர்வானவன், டிபிஎஸ்ஸிலிருந்து நேராக என்ஹெச்எல். முதல் வருடம் 39 ஆட்டத்தில் 10 பாயின்ட், முழங்கால் காயம். இரண்டாம் வருடத் தொடக்கமும் மந்தம், மான்ட்ரியாலின் ஏஹெச்எல் அணியான லவாலுக்கு அனுப்புங்கள் என்று நானும் சொன்னேன், பலரும் சொன்னார்கள். அணி அனுப்பவில்லை. சீசன் முடியும்போது 50 பாயின்ட். ஆனால் நடுவில் என்ன நடந்தது என்று பாருங்கள். அவனை அணியின் முக்கிய ஆட்டக்காரர்களான சுசுகி, கோஃபீல்டோடு முதல் வரிசையில் போட்டு, தப்பு செய்தபோதும் எடுக்காமல் வைத்திருந்தார்கள். எட்மன்டன் செய்யாததும் அதுதான். என்ஹெச்எல்லிலேயே அந்த நிமிடங்களைக் கொடுக்க முடியுமென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். அனஹைம் அணி, ஸ்வீடன் பையன் லியோ கார்ல்சனுக்கு இன்னொரு விதமாகச் செய்தது. முதல் வருடம் சில ஆட்டங்களில் வேண்டுமென்றே ஓய்வு கொடுத்து, அந்த நாட்களை உடற்பயிற்சிக்கு ஒதுக்கினார்கள். 18 வயது உடம்பு இன்னும் வளரும் உடம்பு என்பதை ஒரு அணி வெளிப்படையாக ஏற்றுக்கொண்டதைப் பார்க்க சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பரில் பயிற்சி முகாம் தொடங்கும். ஏதாவது ஒரு ஐரோப்பியப் பையனை மார்லீஸுக்கு அனுப்பினார்கள் என்று செய்தி வரும், அதற்குக் கீழே "இந்த டிராஃப்ட் போச்சு" என்று உடனே எழுத வருவீர்கள். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். பவர் ப்ளேயில் முதல் ஐவரில் அவன் இருக்கிறானா? ஆட்டம் சமமாக இருக்கும்போது கடைசி ஐந்து நிமிடத்தில் அவனை இறக்குகிறார்களா? இறக்கினால் அவனை விட்டுவிடுங்கள், அவன் வேலையில் இருக்கிறான். நான்காவது வரிசையில் ஒட்ட வைத்திருந்தால் சொல்லுங்கள், உங்களோடு சேர்ந்து நானும் சத்தம் போடுகிறேன்.